அண்ணன்மாரே என்று எழுதியவள்

தான் எழுதிய கட்டுரையைத் தன் கையிலேயே கொடுத்து, "இதுல எந்த வரி மனசைத் தொடுதுன்னு கண்டுபிடி" என்று சொன்னால் பதினாறு வயசுப் பெண் என்ன செய்வாள்? சென்னியம்மாள் தாவணித் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அங்காளம்மாள் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு வரிக்கு வரி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கட்டுரை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. மயிலம்மாள் டீச்சர் பெயரை மறைத்து, தன் கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்திருந்தார்.

எழுபத்தாறாம் வருஷம், ஐப்பசி மாதம். சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. மயிலம்மாள் டீச்சர் சேலத்துக்குப் புத்தொளிப் பயிற்சிக்குப் போகும்போது நன்றாகத்தான் போனார். வரும்போது குழு வேலை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு முன்னால் டீச்சர் பேசுவார், முன் பெஞ்சு எழுதும், பின் பெஞ்சு தூங்கும். எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. இப்போது பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, வட்டமாக உட்கார வைத்து, ஆளாளுக்கு வாயைத் திற என்றால் பின் பெஞ்சுக்காரர்கள் பாவம் எங்கே போவார்கள்?

கரும்பலகையில் டீச்சர் மூன்று சொற்களை எழுதிப் போட்டார். ஆள், மனசு, கணக்கு.

"ஒருத்தர் சொல்றதுக்கு நாம எப்படி மசியறோம்? சொல்ற ஆளைப் பாத்து நம்பறது ஒண்ணு. மனசைத் தொட்டுட்டா சரின்னு தலையாட்டறது ஒண்ணு. கணக்கும் காரணமும் சரியா இருக்குன்னு ஒத்துக்கறது ஒண்ணு. இந்தக் கட்டுரையில மூணும் எங்கெங்க இருக்குன்னு தேடுங்க. ஒரு குழுவுக்கு ஒண்ணு."

கட்டுரையின் தலைப்பு அளவான குடும்பம். அந்த வருஷம் வேறு தலைப்பே நாட்டில் இல்லை. சுவரில், பஸ் முதுகில், தபால் கவரில் எங்கே பார்த்தாலும் அதுதான்.

கணக்குக் குழு முன் பெஞ்சுப் பையன்கள். அஞ்சு ஏக்கரா பூமியை நாலு மகன்களுக்குப் பிரித்து, அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரித்தால் கடைசியில் கிணற்று மேட்டில் நிற்கத்தான் இடம் மிஞ்சும் என்று கட்டுரையில் இருந்ததை ஒப்பித்து, சரிதான் என்று முடித்தார்கள். ஆள் குழு பின் பெஞ்சு. அதன் தலைவன் வேலுசாமி எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"எழுதுனது ஆருன்னே தெரியலீங்க டீச்சர். ஆருன்னு தெரியாம எப்படீங்க நம்பறது? நாங்க சுழி போட்டுட்டமுங்க."

வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்தார். மனசுக் குழு பெண்கள். அங்காளம்மாள்தான் வாசித்தாள்.

"அண்ணன்மாரே! சபை நடுவில் நின்று ஒரு தங்கை கையேந்திக் கேட்டால், இல்லை என்று சொல்லும் அண்ணன் நம் சீமையில் உண்டா? உங்கள் தங்கையாக நின்று கேட்கிறேன்."

வாசிக்கும்போதே அவள் குரல் கம்மிவிட்டது. பின் பெஞ்சில் ஒரு சத்தம் இல்லை. வேலுசாமிக்கு மூன்று தங்கைகள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எழுதினது நம்ம சென்னியம்மாள்தான்" என்றார். சென்னியம்மாளுக்குக் காது மடல் வரை சூடு ஏறியது. சந்தோஷம்தான், வேறென்ன? இத்தனை பேரை ஒரு வரியில் அடக்கிப் போட முடியும் என்று அதுவரை அவளுக்கே தெரியாது.

இது வகுப்போடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அது நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த வருஷம். வாத்தியார்மார் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனுக்கு ஆளும் பிடித்துத் தர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட ஒன்றிரண்டு பேர் எங்கே மாற்றலாகிப் போனார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்ததால் அப்புறம் யாரும் கேட்கவில்லை. மயிலம்மாள் டீச்சரால் ஒரு ஆளைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கல்யாணமாகாத டீச்சர் எந்த ஆம்பளையிடம் போய் இதைப் பேசுவார்? வழி தெரியாமல் தவித்தவருக்குக் கட்டுரை கிடைத்தது. சந்தைக்குச் சந்தை வந்து ஆபரேசனுக்கு ஆள் ஏற்றிப் போகும் முகாம் வேனில் மைக் வைத்திருந்தார்கள். கார்த்திகை மாதத்துச் சந்தையில் அந்தக் கட்டுரையை வாசிக்கக் கொடுத்தார். எழுதிய மாணவியின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்தே வாசிக்கச் சொன்னார். சென்னியம்மாளிடமும் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார். அவளுக்கு என்ன, தலைகால் புரியவில்லை. அம்மாவிடமும் அண்ணனிடமும் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை.

வீட்டில் மூன்றே பேர். அம்மா காளியாத்தாள், அண்ணன் மணியன், சென்னியம்மாள். அப்பா போன பிறகு மரவள்ளிக் காட்டையும் கடலைக் காட்டையும் மணியன்தான் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயசு. ஒரு காதில் மட்டும் கடுக்கன் போட்டிருப்பான். இன்னொன்றைக் கிணற்றில் தொலைத்துவிட்டு, புதுசு செய்யச் சோம்பல். பேச்சு குறைவு. ஆனால் தங்கச்சி விஷயத்தில் மட்டும் ரோஷக்காரன். "பொட்டப் புள்ளைக்கு என்னத்துக்குப் பதினொண்ணாப்பு?" என்று கேட்ட பங்காளியோடு ஆறு மாசம் பேசாமல் இருந்தவன். அவனுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. மோகனூர்ப் பக்கம், கருப்பண்ணன் மகள் ஆத்தாயி. தை மாதம் கல்யாணம்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போன மணியன் மாடும் இல்லாமல் பொழுது சாய வந்து கட்டிலில் படுத்தான். கேட்டதற்கு, "மாடு ஒதைச்சிருச்சு" என்றான். எங்கே என்று காட்டச் சொன்னதற்குக் காட்டவில்லை. காளியாத்தாள் நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுக்கப் போனாள். மணியன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "போங்கம்மா அக்கட்டால" என்று கத்தினான். கல்யாண மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று சென்னியம்மாள் கேலி செய்தாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். மணியன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் டீச்சர் வகுப்புக்குள் வந்ததே ஒரு துள்ளலாக இருந்தது. மறுபடியும் பெஞ்சைத் திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் ஆள், மனசு, கணக்கு.

"இன்னைக்குக் கட்டுரை இல்ல. ஒரு மனுஷன். நம்ம சென்னியம்மாள் கட்டுரையைக் கேட்டு, சந்தையில அந்த இடத்துலயே ஒருத்தர் வேன்ல ஏறிட்டாரு. நானும் அங்க இருந்தேன். அவரு எதுக்கு மசிஞ்சாரு? ஆளுக்கா, மனசுக்கா, கணக்குக்கா? நடந்ததைச் சொல்றேன், நீங்க குழுவாப் பேசிச் சொல்லுங்க."

வகுப்பே சென்னியம்மாளைத் திரும்பிப் பார்த்தது. அங்காளம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள். சென்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். மைக்கில் கட்டுரையைப் படித்தபோது சந்தைக்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அண்ணன்மாரே என்ற இடம் வந்ததும் நாலு பேர் சிரித்தார்கள். "ஆரோட தங்கச்சிடா அது, சந்தையில நின்னு கையேந்துது?" என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் அதைவிட மோசமாக ஏதோ சொன்னான். பக்கத்தில் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்த வாலிபர் ஒருவர் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு வந்தார். மைக் வைத்திருந்தவரிடம், எழுதினது யார் என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னதும், நேராக வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கல்யாணம் ஆச்சா, குழந்தை இருக்கான்னு கேட்டதுக்கு ஆமாங்கன்னாரு. யோசிச்சுக்கங்கன்னு நானே சொன்னேன். அதுக்கு அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'சபையில வெச்சுக் கேட்டுப்போட்டுதுங்க, ஒருத்தனாவது ஏறோணுமல்லங்க' அப்படின்னாரு."

"கெழவருங்களா டீச்சர்?" என்று வேலுசாமி கேட்டான்.

"இல்லப்பா, சின்ன வயசுதான். ஒத்தைக் காதுல கடுக்கன் போட்டிருந்தாரு."

சென்னியம்மாளின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அதை எடுத்துவிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மாடு உதைத்தது, நொச்சித் தழை, போர்வை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. இருக்காது, இருக்காது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒத்தைக் கடுக்கன் போட்ட ஆள் உலகத்தில் வேறு இல்லையா? இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு அவள் அண்ணனுடைய பேச்சு.

அவளைச் சுற்றிக் குழுக்கள் சளசளத்தன. கணக்குக்குத்தான் என்றது முன் பெஞ்சு. அஞ்சு ஏக்கரா கணக்கைக் கேட்டு மிரண்டிருப்பார் என்று விளக்கம் வேறு. மனசுக்கேதான் என்று பெண்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். வேலுசாமிதான் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுந்தான்.

"அவருக்கு அந்தத் தங்கச்சியத் தெரியுமுங்க டீச்சர். அதுனாலதான் பேரைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்காரு. இல்லாட்டி எதுக்குங்க கேக்கோணும்?"

"சபாஷ்டா" என்றார் டீச்சர். பின் பெஞ்சு வாழ்க்கையில் முதல் முறையாகக் கை தட்டு வாங்கியது. சென்னியம்மாள் எழுந்து, யாரிடமும் கேட்காமல் வெளியே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள்.

சாயங்காலம் மணியன் மோட்டார் ரூம் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் புத்தகப் பையோடு நேரே அங்கேதான் போனாள்.

"ஏனுங்ணா, சந்தையில வேன்ல ஏறுனது நீங்களா?"

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். இல்லை என்று சொல்லிவிடுவான் என்று கடைசி நிமிஷம் வரை அவள் எதிர்பார்த்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போட்டியா?"

அவ்வளவுதான். அவள் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன், ஏன் என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். மணியன் பொறுமையாகத்தான் பதில் சொன்னான்.

"பின்ன என்ன பண்றது? உன்ற பேரைச் சொல்லிக் கேட்டுப்போட்டாங்க. ஒருத்தனும் நவுரல. இளிக்கறானுங்க. நானும் நின்னுட்டு வந்துட்டா, மணியன் தங்கச்சி வார்த்தைக்கு மணியனே மசியலைன்னு நாளைக்குப் பேச மாட்டானுங்களா?"

"கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருக்கலாமல்லங்ணா?"

"சொன்னா எறக்கி உட்டுருவாங்க அம்மிணி. ஏறிட்டு எறங்குனா இன்னும் கேவலம்."

வேனில் ஒருவன் ஏறியதும் எல்லோரும் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது; அதோடு அவன் கணக்குத் தீர்ந்துவிட்டது. மற்றது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று அவன் மனசார நம்பினான். வேண்டுமென்றால் அவிழ்த்து முடிந்துகொள்ளலாம் என்று முகாமில் கட்டுப் போட்ட ஆள் சொல்லியிருந்தானாம். வேட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினான் மணியன். சென்னியம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் அவள் டீச்சரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். மயிலம்மாள் டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் பெட்டி கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனியக்கூட இல்லை.

"கல்யாணம் ஆகலையா? ரெண்டு குழந்தைன்னு சொன்னாரேம்மா. நான் கேட்டேனே. ரெண்டு தடவ கேட்டேனே."

அதை மறுபடி பழையபடி சேர்த்துவிட முடியுமா என்று சென்னியம்மாள் கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் எங்கேயாவது செய்வார்களாக இருக்கும், ஆனால் பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள் என்று டீச்சர் சொன்னார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில், "வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும் சென்னியம்மா" என்றும் சொல்லிவிட்டார். பொல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்கழி முழுக்கச் சென்னியம்மாள் அண்ணனை விடவில்லை. தெரிந்த வித்தையை எல்லாம் அவனிடம் போட்டுப் பார்த்தாள். ஆத்தாயி பாவம், ஊரெல்லாம் அவளைத்தானே மலடி என்று சொல்லும் என்று அழுது பார்த்தாள். இன்றைக்கு மறைத்தால் நாளைக்கு எத்தனை வருஷம் மறைக்க முடியும் என்று காரணம் காட்டினாள். அப்பா இருந்திருந்தால் மறைப்பாரா என்று செத்துப்போனவரைக்கூடக் கூட்டி வந்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரையே விட்டுவிடுவாள் என்பதால் அம்மாவிடம் மட்டும் வாய் திறக்க முடியவில்லை. மணியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"கல்யாணம் ஆகட்டும். அப்பறம் நானே பதமாச் சொல்லிக்கறேன். ஆஸ்பத்திரிக்கும் கூட்டீட்டுப் போயிக்கறேன்."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறி ஆத்தாயி ஊருக்கே போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். ஆத்தாயி களத்தில் மரவள்ளிச் சில்லுகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மோர் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள், கட்டிக்கொள்ளப் போகிறவன் கோபக்காரனா, என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று ரகசியக் குரலில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பன் மூர்க்கன், தன்னை வாய் திறக்க விட்டதே இல்லை, இந்த மாப்பிள்ளையைத்தான் தனக்கே பிடித்துச் சரி என்று சொன்னதாகச் சொன்னாள். சென்னியம்மாள் நாலு தடவை, அண்ணியாகப் போகிறவளை "நங்கையா" என்று முறை சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பித்தாள். நாலு தடவையும் வேறு எதையோ சொல்லி முடித்தாள். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

தை பிறந்தது. கருப்பண்ணன் தன் வாசலில் பந்தல் போட்டு, இரண்டு ஊர் சனத்தையும் கூட்டியிருந்தார். விடிந்து வெயில் ஏறுகிற நேரத்துக்கு இணைச்சீர் ஆரம்பமாயிற்று. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவள் செய்கிற சீர் அது. கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அண்ணன் கையில், மறு தலைப்பு தங்கை கையில். நாளைக்கு உனக்கு மகள் பிறந்தால் என் மகனுக்கு என்று சபை அறியத் தங்கை உரிமை வாங்கிக்கொள்வதாக அதற்கு அர்த்தம். வேறு யாரும் அதைச் செய்ய முடியாது, சென்னியம்மாள்தான் செய்தாக வேண்டும்.

சீரை நடத்தி வைக்கும் அருமைக்காரர் சேலையைப் பிரித்து ஆளுக்கு ஒரு தலைப்பைக் கொடுத்தார். மணியன் தங்கச்சியின் முகத்தையே பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஒரு அத்தை, "இறுக்கிப் புடி அம்மிணி, இப்பவே உன்ற மருமவளைக் கேட்டு வெச்சுக்கோ. மொதப் புள்ள பொட்டப் புள்ளதான்" என்று கேலி பண்ணினாள். சுற்றி இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். காளியாத்தாள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று சென்னியம்மாளுக்குத் தோன்றியது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அவள் சேலைத் தலைப்பை விட்டுவிட்டாள்.

"எனக்கு வேண்டாமுங்க. எங்கண்ணனுக்குப் புள்ள பொறக்காதுங்க. சந்தையில வேன்ல ஏறி ஆபரேசன் பண்ணிக்கிச்சுங்க. இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

நாயனக்காரன் வாயிலிருந்து நாயனத்தை எடுத்தான். அப்புறம் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் வெடித்தது. பிள்ளைக்குப் புத்திக் கோளாறு, யாரோ ஏவி விட்டிருக்கிறார்கள், படிக்க வைத்த லட்சணம் இதுதான் என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். காளியாத்தாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மகளை அறைந்தாள். ஒன்றல்ல, கை ஓயும் வரை அறைந்தாள். பெண்ணின் அப்பன் கருப்பண்ணன் மணமேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள, இந்தப் புள்ள சொல்றது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். சீரை நடத்திக்கலாம்."

நிஜமாகவே அந்த ஒரு வார்த்தை போதும். பந்தலில் ஒருவரும் சென்னியம்மாளை நம்பவில்லை; நம்ப யாருக்கும் விருப்பமும் இல்லை. மணியன் தலை நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தான். உதடு கிழிந்து ரத்தம் வர, சபை நடுவில் அவள் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தாள். அவன் தலையிலிருந்த உருமாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எந் தங்கச்சி பொய் சொல்லாதுங்க" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க ஒன்றும் இல்லை. பந்தக்கால் சாய்ந்தது. மணியன் மேல் அடி விழுந்தது. காளியாத்தாள் மயங்கி விழுந்து, யாரோ தண்ணீர் தெளித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வண்டிகளைக் கிளப்பச் சொல்லிப் பெரியவர்கள் விரட்டினார்கள். சென்னியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அழாமல், ஒரு பெரிய சுமையை இறக்கி வைத்தவளாக நின்றாள். ஆத்தாயியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு இருந்தது. சந்தையில் ஆரம்பித்த பாவத்தை இங்கே கழுவிவிட்டதாகவே நினைத்தாள்.

ஆத்தாயி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். மஞ்சள் முகத்தோடு, பூச்சூடி, புதுச் சேலையில் இருந்தாள். தடுத்த பெண்களை விலக்கிக்கொண்டு நேராகச் சென்னியம்மாளிடம் வந்தாள். தன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்து, சென்னியம்மாள் கையை நீட்டினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று ஆத்தாயி கேட்டாள்.

"கார்த்திகையிலயேங்க."

"அன்னைக்கு எங்கூட்டுக்கு வந்தியே. எங்கையில மோர் வாங்கிக் குடிச்சியே. நானும் நீயும் மட்டுந்தான் களத்துல இருந்தோம்."

ஆத்தாயி இன்னும் ஒரு அடி கிட்ட வந்தாள்.

"அப்ப எங்கிட்டச் சொல்லியிருந்தா, வேண்டாம்னு சொல்றதும் வேணும்னு சொல்றதும் எங்கையில இருந்திருக்கும். புள்ளையே இல்லாட்டியும் பரவால்லைன்னு நான் ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்கிட்டிருப்பேன். உங்கண்ணனை எனக்குப் புடிச்சிருந்துது புள்ள." ஆத்தாயியின் குரல் உயரவே இல்லை. "இப்ப இத்தனை சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்ட. இனி எங்கப்பன் பேசுவாரு, பங்காளி பேசுவாங்க, ஊரு பேசும். என்னை ஆரு கேப்பாங்க? உனக்குச் சபையில நின்னு பேசத்தான் தெரியும், இல்ல? ஒரு மனுசிகிட்ட வந்து சொல்லத் தெரியாது."

கருப்பண்ணன் வந்து மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெளியே யாரோ மணியனைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துவிட்டு, சென்னியம்மாளையும் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நீட்டிய கையை மடக்க மறந்து அங்கேயே நின்றிருந்தாள். இரண்டு மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன் பெயர் என்று அவளுக்கு உறைத்தது.